இடப்பக்கத்து நாற்பத்தொரு கிலோ

ஹொன்மா மிசாவோ மருத்துவமனையில் செத்து மூன்று நாள் ஆனபிறகும் அவள் எடை காரின் இடப்பக்க இருக்கையை விட்டு இறங்கவில்லை. நாற்பத்தொரு கிலோ. கண்ணளவில் சொன்னதல்ல, நிறுத்துப் பார்த்தது. காரின் முன்பக்கம் இடப்புறம் இரண்டு விரல்கடை தாழ்ந்து நின்றது. ஸ்பிரிங் போய்விட்டது என்றான் பட்டறைக்கார இகராஷி. மிசாவோவின் புருஷன் தொகுசோ எந்தப் பட்டறைக்காரன் சொல்லையும் நம்பாதவன். வலப்பக்க இருக்கையில் முப்பது கிலோ அரிசிப் பையை ஏற்றினான், அதன்மேல் பத்துக் கிலோ பை ஒன்று, அதன்மேல் ஒரு கிலோ மிசோ விழுது டப்பா. கார் மட்டமாகிவிட்டது. மருத்துவமனைக் காகிதத்திலும் அவளுடைய கடைசி எடை நாற்பத்தொன்று என்றுதான் போட்டிருந்தது. சாவியைத் திருகியதும் பெல்ட் போடச்சொல்லும் விளக்கு இடப்பக்கத்துக்காக எரிந்தது. தொகுசோ கையை நீட்டி, வெற்று இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். விளக்கு அணைந்தது.

அவளைக் கடைசியாக மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப்போனது ஏப்ரல் கடைசி வாரத்தில். கணவாயில் பனி விலகி, புனா மரங்களுக்கு அடியில் கதகுரிப் பூக்கள் ஊதா நிறத்தில் தலை கவிழ்ந்து நின்றன, ஒரு மலைச்சரிவு முழுக்க. "கொஞ்சம் நிறுத்துங்களேன், பாத்துட்டுப் போலாம்" என்றாள். முன்சக்கரத்துப் பக்கம் டக் டக்கென்று ஏதோ இடித்துக்கொண்டே வந்தது. நிறுத்தினால் மேட்டில் மறுபடி கிளம்புமோ என்ற பயம் தொகுசோவுக்கு. பயத்தைச் சொல்லிப் பழக்கமில்லாதவன், "வர்றப்ப பாத்துக்கலாம், பூ எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி கியரை மாற்றினான். அவள் தலையை மட்டும் திருப்பி அந்தச் சரிவு மறையும்வரை பார்த்தாள். பதின்மூன்று நாளில் அவளை எடுத்து வந்தது வேறு வண்டி, வேறு சாலை.

அதனால் எடை ஏன் இறங்கவில்லை என்று தொகுசோவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வருஷப் பூ முடிந்திருந்தது, அடுத்த ஏப்ரல்வரை காத்திருந்தான். தபால் நிலையம், உரக்கடை, பல் டாக்டர், எங்கே போனாலும் பெல்ட்டை மாட்டினான். ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் டயரைப் பார்த்தார்கள். பிறகு இடப்பக்கக் கண்ணாடிக்கும் சேர்த்துத் தலை குனிந்து வணங்கப் பழகிக்கொண்டார்கள். மார்ச்சில் அந்த டக் டக் முற்றிவிட்டது. இகராஷி கீழே புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தான். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் ஆடுகிறது, கணவாய் வளைவில் சக்கரம் கழன்று பள்ளத்துக்குப் போகும், வண்டியைக் காயலாங்கடைக்குத் தள்ளிவிடு என்றான். புது ஆர்ம் மட்டும் வாங்கிக் கொடு, மாட்டுவது என் பாடு என்றான் தொகுசோ.

"ஜாக்கி வைக்கிறதுக்கு முன்னாடி அவங்கள இறங்கச் சொல்லிடு தொகுசோ, இடப்பக்கம் சாயும்."

"நீயே சொல்லு. என் பேச்ச என்னைக்குக் கேட்டா?"

அந்த ஊர்க்காரர்களின் கார்கள் மற்ற ஊர்க் கார்களைவிட ஐந்து வருஷம் முன்னதாகச் சாகும். அங்கே வெந்நீர் ஊற்று தெருக்குழாயிலேயே வருகிறது, காசில்லை. குளிர்காலக் காலையில் ஊரே வாளியோடு வந்து, காருக்கடியில் உறைந்த பனியை அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் இளக்கும். ஊற்று நீர் கடல்போல உப்பு. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே மிசாவோ விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புக் கரிக்குதுங்க, இத ஊத்துனா இரும்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். "ஊரே ஊத்துது. ஊரே முட்டாளா?" என்றான். யாரையும் நம்பாதவன் அந்த ஒரு விஷயத்தில் ஊரை நம்பி, நாற்பத்தாறு குளிர்காலம் ஊற்றினான்.

பழைய ஆர்மின் நட்டு மூன்றாம் நாளே கழன்று வந்துவிட்டது. போல்ட் வரவில்லை. ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவேறி ஒரே உடம்பாகியிருந்தன. ஸ்பேனரில் ஆளுயரப் பைப்பைச் சொருகித் தொங்கினால் கால் சுற்று வரும், கையை எடுத்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு அதே கால் சுற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் எட்டு டப்பா குடித்தது. சுத்தியலால் அடித்தான், கேஸ் தீ வைத்தான், ஆறவிட்டான், மறுபடி அடித்தான். இகராஷி வந்து, அறுத்துத் தள்ளினால் பத்து நிமிஷ வேலை என்றான். போல்ட்டுக்கு நேர் மேலேதான் இடப்பக்க இருக்கைக்காரர் கால் வைக்கும் தகடு. "அவ கால் வச்சிருக்கா" என்று தொகுசோ அறுக்க விடவில்லை. உயிரோடிருந்தபோது அவள் காலைப் பற்றி அவன் ஒரு தடவையும் யோசித்ததில்லை என்பது இகராஷிக்கும் தெரியும், இருந்தும் கிளம்பிப் போய்விட்டான். ஏப்ரல் கடைசியில் பூ வந்துவிட்டதாக அஞ்சல்காரன் சொன்னான். அன்றைக்கு தொகுசோ சோறுகூடச் சாப்பிடாமல் அடித்தான்.

மகள் கயோகோ நகரத்திலிருந்து போன் செய்தாள். "பஸ்ல போய் பாத்துட்டு வாங்களேம்ப்பா. இதுக்கு ஏன் உசுர விடறீங்க?"

"உங்கம்மா கார விட்டு இறங்கமாட்டேங்கறா."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த நல்லபடியா கேட்டீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான். கேட்டதில்லை.

மே மாதம் பத்தாம் தேதி காலை, போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சி, மிசாவோ படத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை அதன்மேல் தேய்த்தான். மெழுகு உருகித் துருவுக்குள் உறிஞ்சப்பட்டது. ஆறியதும் பைப்பை மிதித்தான். ஏரிப் பனி விரிசல் விடுவது போல ஒரு சத்தம், போல்ட் சுற்றிக்கொண்டு வந்தது, திரும்பிப் போகவில்லை. அடியில் படுத்து அதை உருவி எடுத்த அந்த நிமிஷம் கார் இடப்பக்கம் இரண்டு விரல்கடை எழும்பியது, நாற்பத்தொரு கிலோவும் அவன் நெஞ்சில் இறங்கியது. எலும்பு முறியவில்லை, மூச்சு மட்டும் குட்டையாகிவிட்டது. மத்தியானம் இகராஷி வந்து காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"என்னா கனம்! கூட யாரு?"

"வேற யாரு வருவா?" என்றான் தொகுசோ.

புது ஆர்மை இருவருமாக மறுநாள் மாட்டினார்கள். தொகுசோ ஏறி உட்கார்ந்ததும் கார் வலப்பக்கம் தாழ்ந்தது, இடப்பக்கத்துக்கு விளக்கு எரியவில்லை. டக் டக் இல்லாமல் கணவாய்க்கு ஓட்டினான். புனாக் காட்டை ஒட்டி நிறுத்தி, பழக்கத்தில் முதலில் இடக்கதவைத் திறந்துவிட்டான், பிறகு மூடினான். சரிவில் பூ ஒன்றும் இல்லை. இலைகள் மஞ்சளாகிப் படுத்திருந்தன, காம்புகளில் பச்சைக் காய்கள். முட்டி வலிக்க, மட்கிய இலையில் கணுக்கால்வரை புதைந்து, அவன் சரிவின் நடுவரைக்கும் போனான்.

"வந்தாச்சு. இறங்கிப் பாரு" என்றான். எடை அசையவில்லை.

"பூ முடிஞ்சிருச்சு." குனிந்து ஒரு பச்சைக் காயைத் தொட்டுப் பார்த்தான். "தண்ணி ஊத்துனது நான்தான்."

வெயில் மரங்களுக்குப் பின்னால் போகும்வரை நின்று பார்த்தான். இறங்குவதற்கு அங்கே அவளுக்கு ஒன்றும் இல்லை, அடுத்த ஏப்ரலில் பார்க்கலாம் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். ஊர் மருத்துவரின் தராசில் அறுபத்துமூன்று கிலோவாக இருந்தவன் நூற்றுநாலு காட்டினான். மருத்துவர் தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார், மறுபடி ஏறச் சொன்னார், எழுதிக்கொண்டார்.

அவன் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் பூ மலர்ந்த நாளிலேயே போய் நின்றான், ஒவ்வொரு தடவையும் அதே எடையோடு திரும்பினான். கோயில் கூரைப் பனியைத் தள்ள நாலு பேர் ஏறலாம், அதற்குமேல் உத்திரம் தாங்காது என்பது ஊர்க் கட்டுப்பாடு. தொகுசோ ஏணியில் கால் வைத்தால், மேலே இருக்கும் மூன்று பேரில் ஒருவன் யாரும் சொல்லாமலே இறங்கி வந்துவிடுவான்.