மூன்று மூச்சு

மூன்றாம் மாடி நடைவழியில் அன்று காலை இருந்தவர்கள்: என் அக்கா பெய்லிங். அவள் மகள் யுன்ஷி, ஏழு வயது, கழுத்தில் பதினான்காம் எண் அட்டை. கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காத ஒரு தகப்பன். பிறகு நான். இரவு முழுக்கக் கிடங்கில் பார்சல் பிரித்துவிட்டு நேராக வந்திருந்தேன்.

தாய்ச்சுங் நகரில் அந்தப் பள்ளி வருடத்துக்கு முப்பது பிள்ளைகளை, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மீத்திறன் வகுப்புக்கு எடுக்கும். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. இன்று ஒரு டீச்சர், ஒரு பிள்ளை, ஒரு மூடிய அறை, வடிவம் அடுக்கிக் காட்டச் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள். அந்தக் கட்டைகளைப் பிள்ளை முன்பே பார்த்திருக்கக் கூடாது. பழக்கியது தெரிந்தால் மதிப்பெண் செல்லாது, அடுத்த வருடமும் சேர்க்கமாட்டார்கள். அக்கா உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் வீட்டு அலமாரியில் போர்வைக்கு அடியில் அதே கட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

பழக்கியவர் பெயர்ப்பலகை இல்லாத வீட்டில் பாடம் எடுக்கும் ஒரு வாத்தியார். கட்டை அடுக்குவதைவிட அவர் அதிகம் சொல்லிக்கொடுத்தது வேறு. விடை தெரிந்தாலும் உடனே சொல்லாதே. மேலே பார். மூன்று மூச்சு விடு. பிறகு சொல். அப்போதுதான் இப்போது யோசித்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

"மாமா," யுன்ஷி என் சட்டையை இழுத்தாள். விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தன. "நிஜமாவே தெரியாத கேள்வி வந்தா மூஞ்சிய எப்படி வச்சுக்கணும்?"

அந்த விரல்களை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

என்னையும் அம்மா இப்படித்தான் உள்ளே அனுப்பினாள். பத்து வருடம் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருந்தேன். யாராவது எழுந்து, இவன் பழக்கிவிட்ட பிள்ளை என்று சொல்லப்போகிறார்கள் என்று தினமும் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் நானே எழுந்து போய்விட்டேன்.

"தெரியலன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"டேய், வாய மூடு," என்றாள் அக்கா. "படிப்ப பாதியில விட்டவன் புத்தி சொல்ல வந்துட்டான். பிள்ளைக்கு அறிவு வரும்னு கோயில்ல வெங்காயத்தாள் வச்சுக் கும்பிட்டு வந்திருக்கேன், கெடுத்துடாத."

"அக்கா, அவ நடுங்குறா."

"எல்லாப் பிள்ளையும்தான் நடுங்கும்."

"இவளுக்கு இந்தக் கட்டை எதுக்குக்கா? அஞ்சு வயசுல ஆஸ்பத்திரி லிஃப்ட்ல என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? நாலு ஆகாத நம்பர்னு அந்தப் பட்டன் இல்ல, அப்போ பத்தாவது மாடி உண்மையில ஒன்பதுதான்னு."

அக்கா கையிலிருந்த சோயாப்பால் கோப்பை நசுங்கி, பால் வழிந்து மணிக்கட்டில் ஓடியது. அவளுக்கும் பயம்தான். பிள்ளை கெட்டிக்காரியா என்று தெரியாததால் பழக்கினாள். பழக்கியதால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. யுன்ஷிக்கும்தான்.

கதவு திறந்தது. நரைத்த குட்டை முடியுடன் ஒரு டீச்சர், கையில் பலகையும் பேனாவும். "பதினாலு?"

யுன்ஷி முன்னால் போனாள். டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். குரலில் கண்டிப்பே இல்லை.

"வாம்மா. உன் பேர் என்ன?"

யுன்ஷி தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.

"லாய் யுன்ஷி."

கைப்பேசித் தகப்பன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் நகங்கள் என் கையில் இறங்கின.

டீச்சரின் பேனா பலகைமேல் அசையாமல் நின்றது. "எத்தன வயசு?"

விட்டம். ஒன்று, இரண்டு, மூன்று. "ஏழு."

"டீச்சர், அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்..." என்றாள் அக்கா.

டீச்சர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். எத்தனையோ முறை பார்த்துவிட்ட ஒன்றை இன்னொரு முறை பார்ப்பவரின் முகம் அது. ஒரு வரி எழுதினார். பிறகு யுன்ஷியின் தோளில் கைவைத்தார்.

"உள்ள கொஞ்சம் கட்டை வச்சிருக்கேன். இந்த மாதிரிக் கட்டைய இதுக்கு முன்னாடி பாத்திருக்கியா?"

யுன்ஷி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். பார்த்திருக்கிறாள் என்று நானே சொல்லியிருக்கலாம். அவள் கழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் முகத்தை விட்டத்துக்குத் தூக்கினாள். அவளோடு சேர்ந்து நானும் மூச்சை எண்ணினேன். மூன்று தாண்டியது. நான்கு. ஐந்து.

"தெரியல டீச்சர்," என்றாள்.

டீச்சர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.