ஏழாம் நம்பர் குழாய்

தரக்கட்டுப்பாட்டு அதிகாரியின் அறைக்கு வெளியே, செருப்பு மாற்றும் பெஞ்சில் சிவசங்கரி காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்து பத்து மாதம். இன்னும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் பர்மனெண்ட் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது தண்ணீரில் கிருமி வந்துவிட்டதாம், அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்துத் தலைதான் வலித்தது.

வாரம் ஒருநாள், மருந்து கலக்கும் தண்ணீர் ஓடும் பைப்பு முழுக்க எண்பது டிகிரி வெந்நீரைச் சுற்ற விடுவார்கள். அப்போது அறை அறையாகப் போய் ஒன்பது குழாயையும் ஐந்தைந்து நிமிடம் திறந்துவிட்டு, தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இன்றைக்கு மறுபடி வெந்நீர் விடுகிறார்கள். அவளுக்குப் பதில் பொன்னியம்மா போயிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நரசிம்மன் தாளைத் திருப்பி வைத்தார். சூப்பர்வைசர் ஹரிபாபு ஓரமாக நின்றிருந்தார், சத்தியவேட்டுக்காரர், அவளுக்கு ஊர்முறையில் அண்ணன்.

"ஏழாம் நம்பர் குழாயைத் தொறந்தியாம்மா?"

"இல்ல சார். தீபாவளிலேந்து அந்த ரூம்பு பூட்டிக்கீது. அங்க வேல நடக்கல."

"அப்போ நேரம் எப்படி எழுதின?"

"மொத வாரம் காலியா உட்டேன் சார். கட்டம் காலியா கீதுன்னு மெமோ குடுத்தீங்க. அதான் ஆறாம் நம்பருக்கு அப்பால அஞ்சு நிமிசம் கூட்டி எழுதிட்டேன்."

"தொறக்கலன்னா தொறக்கலன்னு எழுதணும். பொய் எழுதச் சொன்னோமா? வெந்நீர் போகாம அந்த மொனையில தண்ணி தேங்கி, கிருமி பைப்பு முழுக்கப் பரவிடுச்சு."

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. கட்டத்தில் நேரத்துக்கும் கையெழுத்துக்கும் மட்டும்தானே இடம்? ஹரிபாபுவைப் பார்த்தாள்.

"ரெண்டு வாட்டி உன்னாண்ட சாவி கேட்டேனேண்ணா. சும்மா எதுக்குத் தண்ணிய ஊத்திக்கினு கெடக்குறன்னு சொன்னியே."

ஹரிபாபு ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து அவர் பேண்டு பையில் புடைத்திருந்தது.

நரசிம்மன் இன்னொரு தாளை நகர்த்தினார். பயிற்சிப் பதிவேடு. எந்தக் குழாயையும் விடக்கூடாது, விட்டால் காரணம் எழுதவேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாக அதில் அச்சடித்திருந்தது. கீழே அவள் பெயர், மே ஆறாம் தேதி, பக்கத்தில் கையெழுத்துக்குக் காலிக் கட்டம்.

"மே ஆறுல நான் இங்க சேரவே இல்ல சார். வரதய்யபாளையத்துல கடல புடுங்கிக்கினு இருந்தேன்."

"ஆடிட்காரங்க வர்றாங்க. அந்தக் கட்டத்தைக் காலியா விடமுடியாது. போடும்மா."

மறுத்தால் என்ன ஆகும், போட்டால் என்ன ஆகும், ஒன்றும் விளங்கவில்லை. போட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். போட்டாள்.

"நான் வேலைக்குப் போவட்டா சார்?"

ஹரிபாபு கையை நீட்டினார். "ஐடி கார்டு குடுத்துட்டுப் போம்மா."

கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடைகூடம் வழியாக வந்தாள். ஏழாம் நம்பர் குழாய் இருந்த அறைக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. பக்கத்து அறையில் எட்டாம் நம்பர் குழாயிலிருந்து வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. பொன்னியம்மா சுவரில் தாளை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஏழுக்கு நேராக நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாள்.