ஹெல்மெட்டுக்குள் ஒரு காதல் கதை

பள்ளிக்கூடத்தை விட்ட அன்றே புத்தகத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் ரோலண்ட். அவனிடம் போய், அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஐலீன், "இந்த நாவல முடிச்சிட்டுப் பொண்ணு கேட்டு வாங்க. அப்புறம்தான் என் பதில்" என்று சொல்லிவிட்டாள். விக்டோரியா மகாராணி காலத்துக் காதல் கதை, தலையணை கனம். அவள் அதை ஆண்டுதோறும் படிக்கிறவள்.

குதிரைவண்டிக் கதை நமக்கெதற்கு என்று முனகினான் ரோலண்ட். ஆனால் ஐலீன் வேண்டுமே. யாரோ வெள்ளைக்கார அம்மாள் வாசித்த ஒலிப்பதிவைப் போனில் இறக்கி, ஸ்கூடாயிலிருந்து பைக்கில் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்டான். முதல் வாரம் கொட்டாவிதான். அடுத்த வாரம், பாலத்து ஜாமில் ஊரே ஹாரன் அடிக்க, ஜாம் கலையக் கூடாதே என்று இவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

கதாநாயகன் ஒரு கப்பல்காரன். புயலுக்கு அஞ்சாதவன், மனதில் இருப்பதைச் சொல்ல மட்டும் அஞ்சுவான். ரோலண்டும் அதே ரகம். ஐலீனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சாப்ட்டியா" என்று கேட்பான், அவ்வளவுதான்.

பெண் கேட்கும் சனிக்கிழமை, அவன் அம்மா பழத்தட்டோடு ஐலீன் வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவுக்கு முன்னாலேயே போய்விட்டார். அரைநாள் வேலை முடித்து வந்த ரோலண்ட், ஐலீன் வீட்டு கேட்டருகே பைக்கை நிறுத்தினான். காதுக்குள் கப்பல்காரன் காதலியின் வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் என்று நின்றவன் நின்றவன்தான்.

யாரோ ஹெல்மெட்டைத் தட்டினார்கள். ஐலீனின் அப்பா கென்னத்.

"எல்லாரும் காத்திருக்காங்க. இங்க என்னப்பா பண்ற?"

"அங்கிள், அந்த ஆளு மழையில நிக்கிறான். இன்னும் வாயத் தொறக்கல. எப்படி விட்டுட்டு வர்றது?"

கென்னத் நெருங்கி மோந்து பார்த்தார். பீர் வாடை இல்லை.

எதிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க பைக் ஓட்டுகிற எல்லாரும் போடுவதுபோல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தவன், அதே கோலத்தில், சிவந்த கண்களோடு உள்ளே போனான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"முடிச்சாச்சா?" என்றாள் ஐலீன்.

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரி.

"இல்ல. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

ஐலீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்ப சத்தமா போடுங்க."

பழத்தட்டுக்குப் பக்கத்தில் போன் பேசியது. "இதெல்லாம் எனக்கு வேணாம்லா" என்ற கென்னத்தும் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் புரியாத அம்மா, "என்னாடா சொல்றான்?" என்று மகனைக் குத்தினார்.

"நீ இல்லாத எடம் எனக்கு வீடே இல்லங்கிறான்."

"யாருகிட்ட?"

ரோலண்ட் போனை நிறுத்தினான். ஐலீனைப் பார்த்தான். கப்பல்காரனே சொல்லிவிட்டான், இனி இவனுக்கென்ன.

"நானும் அவன் மாதிரிதான் ஐலீன். சொல்லத் தெரியல. உன்னைய எனக்கு ரொம்பப் புடிக்கும். நீ இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது."

எத்தனையோ முறை அந்தக் கதையைப் படித்து அழுதவள், அன்று சிரித்தாள். "இதுக்குத்தான் படிக்கச் சொன்னேன். எனக்குச் சம்மதம்."

அம்மா பழத்தட்டைத் தூக்கிக் கென்னத்திடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"தேதியெல்லாம் அப்புறம் பேசலாம்மா. அந்தப் பொண்ணு கதவத் தொறந்தாளா இல்லையா? மொதல்ல அதப் போடுப்பா."