சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டிய நோட்டு

1953ஆம் ஆண்டு மாசி மாதத்து வியாழக்கிழமையொன்றில், சூசைமாணிக்கம் தன் அண்ணன் மனைவி வேளாங்கண்ணியின் வலக்கையை அம்மியின்மேல் வைத்துக் குழவியால் அடித்தான். பச்சைக் கரும்பை ஒடித்தாற்போல் ஓசை கேட்டது.

"இடது கை மிச்சம் இருக்கு மதினி. கைநாட்டுக்கு அது போதும். திங்கக்கெழமை வச்சிருங்க. இல்லேன்னா அதுவும் ஒடியும்."

அவள் தாய்வீட்டுச் சீதனமான கிணற்று வயல் அவனுக்கு வேண்டியிருந்தது. கதவோரம் நின்ற அவள் மகள், பத்து வயதுச் சந்தனமேரி, நடந்ததைத் தன் நோட்டில் எழுதினாள்.

அந்த நோட்டு அப்பா மரியசெல்வம் கொடுத்தது. மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறுமுன் அவர் சொன்னார்: "தெனமும் நாலு வரி எழுது, தாயி. தேதி போடு, கெழமை போடு. நடந்தத எழுது, நெனச்சத எழுதாத. நான் வந்து ஒரு வரி விடாம படிப்பேன்." காய்ச்சலில் கிடந்த நாளிலும் அவள், 'காய்ச்சல்' என்று எழுதிவிட்டே படுத்தாள்.

சூசைமாணிக்கத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே சனிக்கிழமைதோறும் அவளை வாசிக்கச் சொல்வான். 'சித்தப்பா அம்மாவை மாட்டுக்கயிற்றால் அடித்தார்' என்ற வரியில் விரலை ஓட்டிக்கொண்டே, "சித்தப்பா இலுப்பூர்ச் சந்தையில் எனக்கு வளையல் வாங்கினார்" என்று வாசிப்பாள். அவன் மீசையைத் தடவிக்கொள்வான். வாய் மாற்றி வாசித்தாலும் எழுத்தில் அவள் ஒன்றையும் மாற்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் கோயில் வாசலில் அவனைச் சூழ்ந்தார்கள்.

"மதினி கை எப்படிப்பா ஒடிஞ்சுச்சு?" என்றார் அடுத்த வீட்டு மைக்கேல்சாமி.

"கெணத்துப் படியில வழுக்கிட்டாங்க. நம்பலையா? இவ ஒண்ணு விடாம எழுதுறவ. என் யோக்கியதை பூராம் இதுல இருக்கு." வீட்டிலிருந்து எடுத்துவந்து இடுப்பில் செருகியிருந்த அந்த நோட்டை உருவி, கோயில் உபதேசியார் அருள்சாமியிடம் நீட்டினான்.

சந்தனமேரி முன்னால் பாய்ந்தாள். "வேணாம் சித்தப்பா. நானே வாசிக்கிறேன்."

"நீ வாசிச்சா ஊரு நம்பாது. அங்கிட்டுப் போ."

பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலையானாலும் மலேயாக் கடிதமானாலும் உபதேசியார் ஒரு சொல்லைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார், நடுவில் நிறுத்தவும் மாட்டார். ஊரே அதற்காகத்தான் அவரிடம் வாசிக்கக் கொடுக்கும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வாரத்துப் பக்கத்தைப் புரட்டி, ஓலை வாசிக்கும் அதே குரலில் தொடங்கினார்.

"'வியாழன். சித்தப்பா அம்மாவின் கையை அம்மியில் வைத்துக் குழவியால் அடித்தார். அம்மா மூன்று முறை கத்தினாள். மைக்கேல்சாமி மாமா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.'"

சூசைமாணிக்கத்தின் கைமுட்டி உபதேசியாரின் வாயில் இறங்கியது. பல்லொன்று தெறித்தது. அவர் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "'வெள்ளி'" என்று அடுத்த வரிக்குப் போனார். அவன் சந்தனமேரியின் சடையைப் பிடித்திழுத்து அவள் நெற்றியைக் கற்படியில் மோதினான். ஒருமுறை. இரண்டாம் முறை. ஆண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வேளாங்கண்ணி ஓடிவந்தாள். கோயில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டின் அருகே அதை அடிக்கும் இரும்புக்கம்பி கிடந்தது. இடது கையால் அதை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள். முழங்கால் சிப்பி நொறுங்கியது. விழுந்தவனின் வலக்கை மணிக்கட்டில் இன்னொரு அடி போட்டாள்.

"கைநாட்டுக்கு ஒனக்கும் ஒரு கை மிச்சம் இருக்கு, தம்பி," என்றாள்.

அதன் பிறகே ஊர் ஆண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். மிதித்து, இழுத்து, ஊர் எல்லைக்கு வெளியே கருவைப் புதரில் எறிந்தார்கள்.

பொழுது சாய்கையில் மைக்கேல்சாமி வந்தார். நெற்றிக் கட்டோடு சந்தனமேரி எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிரு, தாயி. ஒங்கப்பன் வந்தா படிப்பானே."

"படிக்கத்தான் எழுதச் சொன்னாங்க, மாமா."

அவர் போகும்வரை பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'ஞாயிறு. அம்மா இடது கையால் சித்தப்பாவின் காலை உடைத்தாள். அவர் கீழே விழுந்த பிறகு பதினொரு பேர் அடித்தார்கள்.' அந்தப் பதினொரு பெயர்களையும் வரிசையாக எழுதினாள். முதற்பெயர் மைக்கேல்சாமி.