இரண்டு மில்லி கூடுதல்

1

நான் எந்திரம் இல்லை என்பதற்கு என் கைப்பட ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். ஆசைப்பட்டு எழுதவில்லை. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழும் சிலோனில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைதான். அதன்பிறகு எங்களைக் கப்பலேற்றி இந்தக் கர்நாடகத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சரி, தமிழிலேயே எழுது, தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக் கூட்டத்தில் கன்னடத்தில் சொல்லச் சொல்கிறோம் என்றார்கள். அந்த ஒருவர் நீங்கள். உங்களை எனக்குத் தெரியாது. நம்பவும் இல்லை. வேறு வழி இல்லாமல் எழுதுகிறேன்.

தொடக்கம்: சுள்யாவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

(அடித்துவிட்டேன். ஆடி மாதம் இங்கே மழை கொட்டுகிறது என்று எழுதுவது, மாட்டுக்கு நாலு கால் என்று எழுதுவது மாதிரி.)

இன்னொரு தொடக்கம்: நான் பொய் சொல்லாதவன்...

(இதையும் அடித்துவிட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.)

2

எங்கள் பக்கத்துப் பாக்குத் தோட்டக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு. இருநூற்றுப் பத்துப் பேர். காலை எட்டு மணிவாக்கில் அவரவர் முற்றத்து மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லி பெய்தது என்று போடவேண்டும். கல்யாணம், சாவு எதுவானாலும் போடவேண்டும். (போன வருடம் ஒருவர் அப்பாவை எரித்துவிட்டு வந்து '64' என்று போட்டார். கீழே நாற்பது பேர் கும்பிட்டார்கள். அப்பாவுக்கா மழைக்கா என்று தெரியவில்லை.)

மரமேறி மோனப்பன் வருவதும் இந்தக் குழுவின் வரிசைப்படிதான். மழை இரண்டு நாள் விட்டால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து குலைகளுக்கு அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் காய் அழுகிக் கொட்டிவிடும். என் நூற்றுநாற்பது மரத்துக்கு முறை வருகிற வியாழக்கிழமை. குழுவில் இல்லாதவனுக்கு முறை கிடையாது.

ஆனியில் ஒரு வம்பு வந்தது. ஏழு புது ஆட்கள் குழுவுக்குள் நுழைந்து, அழுகலை ஒரே நாளில் நிறுத்தும் ஏதோ நீலத் தண்ணீரைப் புகழ்ந்தார்கள். ஏழு பேரும் ஒரே வாக்கியத்தில். பத்துப் பேர் வாங்கி அடித்தார்கள். காய் அதன்பிறகு இன்னும் உற்சாகமாகக் கொட்டியது. விசாரித்தால் அந்த ஏழும் ஆளே இல்லையாம், பேசப் பழக்கிவிட்ட எந்திரமாம். அன்றிலிருந்து குழுத் தலைவர் குசாலப்ப கௌடருக்கு எல்லார்மேலும் சந்தேகம். அவர் மருமகள் பிரமிளா புத்தூர்க் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். எல்லாருடைய பதிவையும் வைத்து, எந்திரமாக இருக்கக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டாள். முதல் பெயர் என்னுடையது.

3

கூட்டுறவுச் சங்கத்துத் தாழ்வாரத்தில் விசாரணை. முதலில் எழுதியபோது பிரமிளாவைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். அவள் எனக்கு நீர்தோசை வரவழைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பாதிக் கெட்டவளாகக் குறைத்திருக்கிறேன்.

முகப்புப் படம் இல்லை, வணக்கம் இல்லை, யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதில்லை, நாலு வருடமாக வெறும் எண் மட்டும் என்று வாசித்தாள். எழுதத் தெரியாதவன் எண்ணைத்தானே போடுவான் என்றேன்.

"அது சரி மாமா. ஆனா உங்க பக்கத்துத் தோட்டத்து ஜத்தப்பா எவ்வளவு போடுறாரோ அதவிட ரெண்டு மில்லி கூட போட்டிருக்கீங்க. தினம் ரெண்டு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"என் தோட்டம் காட்டோரம். அங்க கூடத்தான் பெய்யும்."

"மார்ச் மாசம் ஊரே காயுது. அவரு பூஜ்யம், நீங்க ரெண்டு. உங்க முற்றத்துக்கு மட்டும் தனி மேகமா?"

நான் தோசையைப் பார்த்தேன். பிறகு, எதிரில் உட்கார்ந்து தோசை தின்கிறவன் எப்படி எந்திரமாவான் என்று கேட்டேன். கௌடர் தலையைச் சொறிந்தார்.

"நீ மனுஷன்தான் மாராயா, யாரு இல்லன்னாங்க. உன் போன் நம்பர் மனுஷனான்னுதான் தெரியல."

(மாராயா என்பது இங்கே 'அப்பனே' மாதிரி.) அதற்குத்தான் இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்டுவிட்டு, நம்பாவிட்டால் நீக்குவார்கள்.

4

(இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.)

என் மழைமானியை நாலு வருடத்துக்கு முன் ஆடு மிதித்து உடைத்தது. புதிது வைக்கச் சோம்பல். பக்கத்துத் தோட்டத்து ஜத்தப்பா ஏழு ஐம்பதுக்கே போட்டுவிடுவார். அதோடு இரண்டு கூட்டி நான் போடுவேன். ஏன் இரண்டு? அவரைவிட எனக்குக் குறைவாகப் பெய்தால் என்னால் பொறுக்கமுடியாது. சமமாகப் பெய்தாலும்தான்.

இதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சோம்பலும் வயிற்றெரிச்சலும் உள்ள எந்திரத்தை யார் செய்து விற்பார்கள்? ஆனால் அவர் பெயர் வருகிறதே, ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று நேற்று ஜத்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருடைய மழைமானிக்குள் ஒரு சேம்பு முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. (கதைக்காகச் சேர்க்கவில்லை. சேம்புதான்.) நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"சொல்லிடாத காத்தமுத்து. என் முறை புதன்கிழமை."

"அப்ப நீ தினம் போடுறது யாரு வீட்டு மழை?"

"கௌடரோடது. மூணு கழிச்சுக்குவேன்."

கௌடர் இரண்டு என்று போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பூஜ்யம் போடுவாராம்.

கௌடரோ ஆனி மாதத்தில் பன்னிரண்டு நாள் மங்களூர் ஆஸ்பத்திரியில், கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவருடைய மழை எண் தவறாமல் வந்தது. வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆக, இந்த வருடம் எங்கள் ஊரில் பெய்த மழை

(முடிக்கத் தைரியம் வரவில்லை.)

5

முடிவு எழுதவேண்டுமாம். எழுதிப் பார்த்தேன்.

நாலாவது பகுதியை நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். நான் மனிதன் என்று தீர்மானமாகிறது. நானாக ஒப்புக்கொண்டதால் எனக்கு மன்னிப்பு, ஜத்தப்பா வெளியே. கௌடர் மருமகள் முகத்தைப் பார்க்கிறார், மருமகள் மாமனார் முகத்தை. வரிசை போட ஆள் இல்லாமல் மோனப்பன் அவன் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறான். இது எனக்குப் பிடிக்கவில்லை.

இல்லை, நாலாவதைத் தாண்டிவிடுகிறீர்கள். மிஞ்சுவது ஒருவன் தோசை தின்ற கதை. யார் நம்புவார்கள்? என் நூற்றுநாற்பது மரமும் அழுகுகிறது. இது அதைவிடப் பிடிக்கவில்லை.

மூன்றாவதாக, நீங்களே ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லலாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்குக் கன்னடம் புரியும், முன்வரிசையில்தான் இருப்பேன். ஜத்தப்பாவும் என் பக்கத்தில்தான் உட்காருவார், என்னைத் தனியே விடமாட்டார்.

மூன்றாம் பகுதி முடிந்ததும் தாளைத் திருப்பவேண்டியிருக்கும். திருப்பிவிட்டு எங்கள் இருவரையும் பார்ப்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். மேற்கொண்டு வாயைத் திறக்கவேண்டியவர் நீங்கள்.