வெள்ளம் உண்டு

நான் எழுதுகிற கடிதத்தை விருந்தாளிகள் ஒருவரும் படிப்பதில்லை. ஒன்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். வடசேரியில் பஸ் ஏறி மணவாளக்குறிச்சியில் இறங்குங்கள் என்று எழுதியிருப்பேன். அவர்கள் குளச்சலில் போய் இறங்கி, உச்சி வெயிலில் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து, ‘நீங்க சொல்லவே இல்லையே’ என்பார்கள். சாவி பின்பக்கத்து அறையில் என்னிடம் இருக்கும் என்று எழுதியிருப்பேன். முன்கதவை உடைக்காத குறையாகத் தட்டுவார்கள். பாறைக்குத் தெற்கே கடலில் இறங்காதீர்கள் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருப்பேன். முதல் வேலையாக அங்கேதான் இறங்குவார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு. ஊதி ஊதி எனக்குத்தான் வாய் வலித்தது.

கடியப்பட்டணத்துக்கும் முட்டத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த மேட்டில் இருக்கிறது அந்த வீடு. திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருக்கிற செல்வதாஸ் ஐயாவுடையது. பிறந்து வளர்ந்ததெல்லாம் அவர் நாகர்கோவில்தான். கோடை வந்தால் பத்துப் பத்து நாளாக வெளியூர்க் குடும்பங்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவார். யார் வருகிறார்கள், எத்தனை பேர், என்றைக்கு என்று எனக்கு எழுதுவார். வழி, சாவி, சமையல், விளக்கு என்று மற்றதெல்லாம் நான் அவர்களுக்கு எழுத வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்துத் தொலைத்தேன் அல்லவா, அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் யேசுரத்தினம் பனையிலிருந்து விழுந்து, வலது காலை ஊன்ற முடியாமல் போய் அப்போது பத்து வருஷம். பங்களாவின் பின்பக்கத்து அறையில்தான் எங்கள் குடித்தனம். அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

ஐம்பதாம் வருஷம் பங்குனியில் ஐயாவின் கடிதம் வந்தது. “போன வருஷம் வந்தவர்கள் குடிக்க வெள்ளம் இல்லை என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் மூன்று குடும்பம் வருகிறது. முதலில் வெள்ளத்தைப் பற்றி எழுது. ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி எழுது. இந்தக் கோடையும் பேர் கெட்டால் வீட்டைக் கயிறு வியாபாரிக்குக் கிட்டங்கியாகக் கொடுத்துவிடுவேன். நீயும் யேசுரத்தினமும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.”

அதை இவருக்குப் படித்துக் காட்டினேன். காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பங்குனி பிறந்தால் எங்கள் கிணறு உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீருக்கு அரை மைல் உள்ளே போகவேண்டும். கடியப்பட்டணத்தில் மீன் விற்கிற வேளாங்கண்ணியை வியாபாரம் முடிந்ததும் வரச் சொன்னேன். இரண்டு பேருமாகச் சுமந்தோம். அண்டா, குட்டுவம், செப்புக்குடம், எதையும் விடவில்லை. கழுத்து ஒடிந்தது.

“எக்கா, இவ்வளவு வெள்ளம் எதுக்கு? வாறவிய குடிக்க வாறாவளா, குளிக்க வாறாவளா?” என்றாள் வேளாங்கண்ணி.

“ரெண்டுக்குந்தான். நீ சும்மா சுமட்டி.”

பிறகு உட்கார்ந்து கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் இத்தனை கவனமாக நான் எதையும் எழுதினதில்லை. வழியும் சாவியும் எழுதிவிட்டு, தண்ணீர் விஷயத்தை இப்படி எழுதினேன்:

‘இந்த வருஷம் வீட்டில் நல்ல வெள்ளம் உண்டு. அடுக்களையிலும் குளிமுறியிலும் எந்நேரமும் வெள்ளம் இருக்கும். பத்து நாளும் வெள்ளம் குறையாது, அதற்கு நான் பொறுப்பு. குழந்தைகளைத் தைரியமாக அழைத்து வரலாம்.’

மூன்று பிரதி எடுத்தேன். மதுரைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, தஞ்சாவூருக்கு ஒன்று. சமஸ்தானத்துக்குள் போகிற கடிதம் என்றால் பக்கத்து அஞ்சல் பெட்டியில் போட்டுவிடலாம். இது எல்லை தாண்டி மதராஸ் பக்கம் போவதால் நாகர்கோவில் தபாலாபீசுக்கே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில் மனசுக்கு ஒரு நிம்மதி இருந்தது. இந்தத் தடவை யாரும் ‘நீங்க சொல்லவே இல்லையே’ என்று சொல்ல முடியாது.

மதுரைக்காரர் பதில் முதலில் வந்தது. அவர் ஒரு மில் மானேஜர். ‘தங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இந்த நிலைமையில் குழந்தை குட்டிகளோடு வருவது உசிதமில்லை. ஆண்டவன் உங்களைக் காப்பாற்றட்டும்.’

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எந்த நிலைமை? என்னை எதற்கு ஆண்டவன் காப்பாற்ற வேண்டும்?

“ஊர்ல அம்மை போட்டிருக்குன்னு எவனோ கெளப்பி விட்டிருப்பான்,” என்றார் இவர்.

நாலு நாள் கழித்துத் திருச்சியிலிருந்து வந்தது. ‘நாங்கள் வரவில்லை. நீங்களும் அங்கே இருக்க வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரருக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். மேட்டுப்பாங்கான இடத்துக்குப் போய்விடுங்கள்.’

“மேட்டிலதானடி இருக்கோம்?” என்றார் இவர். “இதுக்கு மேல எங்க போவ? பனையிலயா ஏறச் சொல்லுகான்?”

பனை என்று சொன்னதும் அவரே வாயை மூடிக்கொண்டார்.

சித்திரை பாதி போய்விட்டது. வீடு பூட்டிக் கிடந்தது. சுமந்து வைத்த தண்ணீரில் கொசு முட்டையிட்டது. கொட்டிவிட்டு மறுபடியும் சுமந்தேன், தஞ்சாவூர்க்காரர்களாவது வருவார்களே என்று. அவர்களிடமிருந்து வருகிறோம் என்றோ இல்லை என்றோ பதிலே இல்லை. அதற்குள் ஐயாவின் கடிதம் வந்துவிட்டது. ‘இரண்டு குடும்பமும் வரவில்லை என்று எனக்கு எழுதிவிட்டார்கள். நீ என்னத்தை எழுதினாயோ தெரியாது. சனிக்கிழமை வருகிறேன். சாவியைத் தயாராக வை.’

வெள்ளிக்கிழமை நாங்கள் மூட்டை கட்டினோம். ஒன்பது வருஷக் குடித்தனம் ஒரு பழைய வேட்டிக்குள் அடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மணவாளக்குறிச்சி வழியாக ஒரு மாட்டு வண்டி வந்து, நேராகப் பின்பக்கத்து அறைக்கு முன்னால் நின்றது. முன்கதவுக்குப் போகவில்லை! கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பின்னால் சாதுவான ஒரு மனிதர், கையில் பெரிய துணி மூட்டையும் ஒரு சாக்கு அவலும்.

“நேசபாய்ங்கறது நீதானாம்மா? நான் ஞானாம்பாள். தஞ்சாவூர்ல பள்ளிக்கூட வாத்தியார். இவர் எங்காத்துக்காரர்.” என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பிறகு காய்ந்த மணலைப் பார்த்தாள். “ஏம்மா, வெள்ளம் எங்கே?”

வெயிலில் வந்தவர்கள். தாகம் இருக்காதா? “இந்தா கொண்டாறேன் அம்மா,” என்று உள்ளே ஓடி, செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவள் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். “இது என்ன?”

“வெள்ளம்.”

“இதுவா?”

“நல்ல வெள்ளம் அம்மா. உப்பே கெடையாது. குடியுங்க.”

அந்தச் சாது மனிதர் மூட்டையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஞானாம்பாள் அம்மாள் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில் படித்தாள். “வீட்டில் நல்ல வெள்ளம் உண்டு. பத்து நாளும் வெள்ளம் குறையாது. குழந்தைகளைத் தைரியமாக அழைத்து வரலாம்.” கண்ணாடியைக் கழற்றினாள். “எங்க ஊர்ல காவேரி கரையை உடைச்சுண்டு வந்தாத்தான்மா அதுக்கு வெள்ளம்னு பேர். கடல் ஏறி வீட்டுக்குள்ள வந்துடுத்து, வாடகைக்கு ஆள் வராமப் போயிடுமேன்னு நீ ஏதோ சமாளிச்சு எழுதறேன்னு நினைச்சோம். பாவம், யாரோ ஒருத்தி தண்ணிக்குள்ள நின்னுண்டு எழுதியிருக்கான்னு, பள்ளிக்கூடத்துல துணி வசூல் பண்ணிண்டு வந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒன்பது வருஷமாக ஒருத்தரும் படிக்கவில்லை. இந்த ஒரு தடவை மூன்று வீட்டிலும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்கள். படித்ததால்தான் இரண்டு வீட்டார் வரவில்லை.

“அது யார் மூட்டை?” என்றாள் அவள், வாசலில் கிடந்ததைப் பார்த்து.

“எங்க மூட்டை.” விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது அவள் கொண்டுவந்த மூட்டையும் எங்கள் மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு. மற்றது வெள்ளத்தால் வீடு போகப்போகிறவர்களுடையது.

மத்தியானம் ஐயா வந்தார். வந்ததும் வராததுமாக முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சாவி எங்க?” என்றார்.

மேஜையில் வைத்தேன்.

“என்னத்த எழுதினே? ரெண்டு பேரும் அலறியடிச்சிட்டு வரமாட்டோம்னு எழுதியிருக்கானுவ.”

ஞானாம்பாள் அம்மாள் கொண்டுவந்திருந்த என் கடிதத்தைக் கொடுத்தேன். கோர்ட்டில் பத்திரம் பார்க்கிற மாதிரி ஒரு தடவை படித்தார். திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். “இதுல ஒரு தப்பும் இல்லியே. சரியாத்தான எழுதியிருக்கே. பின்னே எதுக்கு வரல்ல?” துண்டால் முகத்தைத் துடைத்தார். “தொண்டை காயுது. முதல்ல கொஞ்சம் வெள்ளம் கொண்டா.”

உள் அறைக் கதவருகில் நின்ற ஞானாம்பாள் அம்மாள், “சாருக்கு நீந்தத் தெரியுமோ?” என்றாள்.

ஐயா விழித்தார். அவள் தன் மூட்டையை அவிழ்த்து, தஞ்சாவூர்ப் பிள்ளைகள் கொடுத்த சட்டைகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பங்குனியில் ஐயா எனக்கு எழுதின கடிதத்தை நான் எடுத்து வந்து சட்டைகளுக்கு மேல் வைத்தேன். ‘முதலில் வெள்ளத்தைப் பற்றி எழுது’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

அதை அவர் எடுத்துப் படித்தார். நான் கொண்டுவந்த செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மேஜையில் இருந்த சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினார்.

“கயிறுக்காரனிட்ட நான் சொல்லிக்கிடுதேன்,” என்றார். “மதுரைக்கும் திருச்சிக்கும் நானே எழுதுகேன். ஆனா இனிமே எந்தக் கடிதமானாலும் என்கிட்டக் காட்டிட்டு அனுப்பு.”

“சரி ஐயா,” என்றேன். அவரிடம் காட்டி என்ன பிரயோசனம்?

அவர் போனபிறகு இவர் அறையிலிருந்து கூப்பிட்டார். “ஏட்டி, என்ன ஆச்சு?”

சாவியைக் காட்டினேன். இவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே! “இனி தண்ணி உண்டுன்னுதானே எழுதணும்? பாத்து எழுது. மதராஸ் பக்கம் மதுவிலக்காம். வேற கூட்டம் வந்துரும்,” என்றார்.

“வாயக் கழுவுங்க,” என்றேன்.

மூட்டையை அவிழ்க்க உட்கார்ந்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்துக்கு வரவில்லை. குளிமுறியில் ஞானாம்பாள் அம்மாள் செம்பு செம்பாக மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காவேரித் தண்ணீரில் குளித்துப் பழகியவர்கள், நிறுத்தமாட்டார்கள். அடுத்து அந்தச் சாது மனிதர் வேறு குளிக்க நிற்கிறார். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.