பூனைக்காக நின்ற நாலு தறி

எலித் தொல்லை தாங்காமல்தான் என் வீட்டுக்காரர் மணிவேல் அந்தப் பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார். தறியில் ஏற்றுகிற கஞ்சி போட்ட பாவு நூல் என்றால் எங்கள் நகரி ஊர் எலிகளுக்குக் கல்யாண விருந்து. குட்டி பிறந்தது கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவல் வீட்டில். கிளி கத்தினாலே அங்கே பெரிய சத்தம். எங்கள் வீட்டிலோ நாலு பவர்லூம் தறி. பையிலிருந்து இறக்கிவிட்டதும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓடி ஒடுங்கிக்கொண்டது. இரண்டு நாளாக ஒரு வாய் பால் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மணிவேல் போய் நாலு தறியையும் நிறுத்தினார், கரண்ட் இருக்கும்போதே. குட்டி வெளியே வந்து இரண்டு வாய் நக்கியது. மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, துன்னுது. சத்தந்தான் அதுக்கு பயம். பாவம், புது எடம்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஜயபுரத்தில் நெல் வயலுக்கு நடுவே இருந்த வீட்டிலிருந்து இங்கே வாழ வந்தவள் நான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதல் பத்து நாள் மண்டைக்குள்ளேயே தறி ஓடியது. சாப்பிட்டதெல்லாம் குமட்டியது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்கட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ஒரு தறி, ஒரு நிமிஷம் நின்றதா?

"எனக்கு யாருனா நிறுத்தனாங்களா?" என்று கேட்டேன். தறி நின்றிருந்ததால் அவருக்கு நன்றாகவே கேட்டது. போய்ச் சுவிட்சைப் போட்டார். குட்டி மறுபடியும் டிரம்முக்குப் பின்னால் போய்விட்டது.

அதன்பிறகு வேளாவேளைக்கு நிறுத்துவதும் போடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு தடவை தறி கிளம்பும்போதும் குட்டி முன்னைவிட அதிகமாக வெடவெடத்தது. ஐந்தாம் நாள் தறி நின்றும் அது வெளியே வரவில்லை. அமைதியானால் அடுத்து இடி விழும் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"இப்டியே நிறுத்திக்கினு இருந்தா அது செத்துப்பூடும். உடுங்க, நான் பாத்துக்கறேன். தறி பாட்டுக்கு ஓடட்டும்," என்றேன்.

குட்டியைப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய், என் பழைய புடவையை விரித்து, பக்கத்தில் பால் கிண்ணத்தை வைத்தேன். கதவைச் சாத்தினால் அங்கே பாதிச் சத்தம்தான் வரும். எனக்குத் தெரியாதா அது? அதன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். சாயங்காலம் பார்த்தால் கிண்ணம் காலி. மறுநாள் கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்தேன், அதற்கடுத்த நாள் ஒரு சாண். பிறகு தினமும் கிண்ணத்தை ஓர் அடி தறிப்பக்கம் நகர்த்தினேன்.

மணிவேல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க உனுக்கு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. நான் இப்டித்தான் பழகனேன். ஒண்டியா," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் குட்டி ஓடுகிற தறிக்குப் பக்கத்தில், கழிவு நூல் குவியலில் மல்லாந்து தூங்கியது. அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக நாலு தறியும் நின்றன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மணிவேல் சுவிட்சுப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அதான் பூனை நல்லா துன்னுதே. இப்ப எதுக்கு நிறுத்தனீங்க?"

"பூனைக்கு இல்லம்மே," என்றார். "அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல."

இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் குட்டி திடுக்கிட்டு எழுந்து நாலு பக்கமும் பார்த்தது, ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டது. எனக்கும் அந்த அமைதியில் எப்படியோ இருந்தது.

"போதும், போடுங்க," என்றேன். "எங்க ரெண்டு பேருக்கும் பயமா கீது."